திருப்பி அனுப்பியவர்

அவருடைய கடிதங்களைப் புத்தகமாகப் போடப் போகிறார்கள். தலைப்புகூடத் தயார்: நீதிபதி ஒருவரின் குடும்பக் கடிதங்களும் தொழில் கடிதங்களும். அவருடைய மருமகள் ஒரு தகரப் பெட்டியோடு ஆட்டோவில் வந்து என் வீட்டு வாசலில் இறங்கினார். கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். மாமனாரிடம் வேலை பார்த்தவர்களில் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருப்பவன் நான் ஒருவன்தான் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"முன்னுரையா நாலு பக்கம் எழுதிக் கொடுங்க சார். அவரோட ஒழுங்கு, நேர்மை, நகைச்சுவை எல்லாம் தெரியற மாதிரி."

ஒழுங்கு தெரியும்படி எழுதலாம். நேர்மைக்கும் என்னிடம் சாட்சியம் உண்டு. நகைச்சுவை என்று எதைச் சொல்கிறார் என்பது பெட்டியைத் திறந்ததும் புரிந்தது. பெட்டியில் எது இல்லை என்பதும் புரிந்தது. நான் எழுதும் முன்னுரையை அவர்கள் போடமாட்டார்கள். ஆகவே அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

அறுபதுகளின் கடைசியில் அவர் திருவள்ளூருக்கு மாற்றலாகி வந்தபோது அங்கே நான் ஹெட் கிளார்க். ஒல்லியான மனிதர். கழுத்தில் வெள்ளைப் பட்டை எப்போதும் சலவை மடிப்போடு இருக்கும். மேஜையில் இரண்டு மைக்கூடு வைத்திருப்பார். ஒன்று அரசாங்கத்துடையது, மற்றது அவர் காசில் வாங்கியது. சொந்தக் கடிதம் எழுதும்போது சொந்த மை, சொந்தக் காகிதம், சொந்தத் தபால்தலை. கோர்ட்டுச் சேவகரான டபேதாரைக்கூடத் தபால் போட அனுப்பமாட்டார். சாயங்காலம் நடந்து போய்த் தானே பெட்டியில் போட்டுவிட்டு வருவார். ஒருமுறை ஊத்துக்கோட்டைப் பக்கமிருந்து யாரோ ஒரு கூடை மாம்பழத்தை அவர் வீட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் அந்தக் கூடை கோர்ட்டு வராந்தாவில் இருந்தது. அதில் ஒரு சீட்டு: "அனுப்பியவர் யார் என்று குறிப்பிடப்படவில்லை. திருப்பப்படுகிறது." பழங்கள் அங்கேயே அழுகின. எடுக்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. வராந்தாவைக் கழுவிவிட்ட டபேதார் மட்டும், "மாம்பயத்துக்கே ரிட்டன் போட்ட மகராசன் சார் இவுரு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கோர்ட்டு வாசல் மிதிக்காத புண்ணியவான்களுக்காக இந்த 'ரிட்டன்' என்ற சொல்லை விளக்கவேண்டும். ஒருவர் வழக்குப் போடுகிறார். அவர் கொடுத்த தாளில் தேதி இல்லை, முத்திரைக் கட்டணம் குறைகிறது, என்ன பரிகாரம் வேண்டும் என்று தெளிவாக இல்லை. கோர்ட்டு அந்த மனுவின் பின்பக்கத்தில் குறைகளை வரிசையாக எழுதி, இவற்றைச் சரி செய்து இன்ன கெடுவுக்குள் மறுதாக்கல் செய்க என்று திருப்பிக் கொடுத்துவிடும். அதுதான் ரிட்டன்; பின்பக்கம் எழுதும் குறிப்புக்கு எண்டார்ஸ்மெண்ட் என்று பேர். அது தள்ளுபடி இல்லை. யாரும் எதையும் மறுக்கவில்லை, யாரும் எதையும் ஒப்புக்கொள்ளவும் இல்லை. ஆனால் தாள் உங்கள் கைக்கே வந்துவிட்டது. கோர்ட்டைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் வாயே திறக்கவில்லை.

நல்ல ஏற்பாடுதான். கண்டபடி எழுதிக்கொண்டு வருகிறவர்களிடமிருந்து கோர்ட்டைக் காப்பாற்ற வேறு வழி கிடையாது. நானே ஆயிரக்கணக்கில் குறை எடுத்துக் கொடுத்தவன். ஆனால் அதை வீட்டுக்குக் கொண்டுபோன மனிதரை என் வாழ்க்கையில் ஒருவரைத்தான் பார்த்தேன்.

மனைவி தாய்வீட்டுக்குப் போயிருந்தபோது அவர் எழுதிய கடிதம் பெட்டியில் இருக்கிறது. புத்தகத்தில் முதலில் வரப்போவது அதுதானாம். "உன் கடிதம் கிடைத்தது. இணைப்பு என்று நீ குறிப்பிட்டுள்ள எலுமிச்சை ஊறுகாய் கடிதத்துடன் காணப்படவில்லை. விளக்கவும்." விடுதியில் தங்கிப் படித்த மகனுக்கு: "உன் கடிதத்தின் முதல் பத்தி ஏற்கப்படுகிறது. இரண்டாம் பத்தி மறுக்கப்படுகிறது. மூன்றாம் பத்தியில் 'செலவுக்கு' என்பது எந்தச் செலவு என்று விவரம் இல்லாததால் கடிதம் இத்துடன் திருப்பப்படுகிறது." ஒரு சொந்தக்காரர் அனுப்பிய கல்யாணப் பத்திரிகையில் தேதியும் கிழமையும் ஒத்துப்போகவில்லை. பத்திரிகையையே திருப்பி அனுப்பினார். அவர்கள் அச்சாபீஸைத் திட்டிவிட்டுப் புதிதாக அடித்துக் கொண்டுவந்தார்கள். இவரும் போய் ஆசீர்வாதம் பண்ணிவிட்டு வந்தார்.

இதையெல்லாம் கேட்டு அப்போது நாங்களும் சிரித்தோம். மருமகளும் என் எதிரே உட்கார்ந்து வாசித்துச் சிரித்தார். சிரிக்கத் தக்கதுதான், நமக்கு அவரிடம் ஒன்றும் ஆகவேண்டியது இல்லை என்றால்.

தொழில் கடிதங்களுக்கு வருகிறேன். இவர்கள் ஊர் புதுவாயல். அது எங்கள் கோர்ட்டின் எல்லைக்குள் வராது. அங்கே ஜி.என்.டி. ரோட்டை ஒட்டி அப்பா விட்டுப்போன ஒரு நெல் மில்லும், மில்லை ஒட்டி ஒரு வீடும் இருந்தன. இரண்டையும் அப்பா முன்பே இவர் பேரிலும் தம்பி பேரிலும் கூட்டாக எழுதிவைத்திருந்தார். தம்பி மில்லைப் பார்த்துக்கொண்டார். அரசாங்க ஊழியர் வியாபாரம் செய்யக்கூடாது என்பதால் இவர் மில் பக்கமே போகமாட்டார். தனக்குள்ள பங்கை ஆண்டுதோறும் மேலிடத்துக்கு எழுதித் தெரிவித்துவிடுவார். தம்பி கெட்டிக்காரர். அண்ணனின் மனசை அவரைப்போலப் படித்துவைத்தவர் யாரும் இல்லை. ஒரு வக்கீல் குமாஸ்தாவைப் பிடித்து, வாராவாரம் மில் விவகாரத்தை இங்கிலீஷில் டைப் அடித்து அனுப்புவார். பத்திகளுக்கு எண் இருக்கும். கடைசியில் இணைப்புகளின் பட்டியல் இருக்கும். அப்படி ஒரு கடிதம் வந்தால் ஐயாவின் முகத்தில் ஒரு நிம்மதி வரும். "பாருங்க, என் தம்பி படிச்சது ஒம்பதாங்கிளாஸ்" என்று என்னிடம் ஒருமுறை காட்டினார்.

இருவருக்கும் நடுவில் ஒரு தங்கை. புருஷன் லாரி ஓட்டப் போய் நெல்லூர் ரோட்டில் விபத்தில் செத்துப்போனார். அப்பா மகளைக் கூட்டிவந்து மில்லை ஒட்டிய வீட்டில் வைத்தார். அப்பா போன பிறகு அந்த அம்மாள் யாரையும் எதிர்பார்க்கவில்லை. வீட்டின் முன்பக்கத்தைத் திறந்து நாஷ்டா கடை போட்டார். கல்கத்தா போகிற லாரிகள், விஜயவாடாவிலிருந்து வருகிற லாரிகள் எல்லாம் அங்கே நிற்கும். கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வரப்போகிறது என்று ரோட்டோரத்தில் ஷெட்டு ஷெட்டாக எழும்ப ஆரம்பித்ததும் கொத்து வேலைக்கு வந்த ஜனங்களும் அங்கேதான் சாப்பிட்டார்கள்.

தொழிற்பேட்டை வந்தால் ரோட்டோர மனை தங்கம். ஒரு கம்பெனிக்காரர் கிடங்கு கட்ட இடம் தேடினார். தம்பி அந்த வீட்டைக் காட்டினார். அதற்கு அண்ணன் கையெழுத்து வேண்டும். எட்டுப் பத்தியில் அழகாகக் கடிதம் வந்தது. கடைசிப் பத்தி: "ஆட்சேபணை ஏதும் இருப்பின் தெரிவிக்குமாறு எல்லோருக்கும் தகவல் கொடுக்கப்பட்டுவிட்டது." எல்லோருக்கும் என்றால் தங்கைக்கு. தகவல் என்றால், கடை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, இறங்காமலே சொல்லிவிட்டுப் போனது.

அதற்கு அடுத்து வந்தது தங்கையின் கடிதம். கோடு போட்ட தாள், பென்சில் எழுத்து. ஐயா என்னை அறைக்குக் கூப்பிட்டு, "எண்டார்ஸ்மெண்ட் சரியா இருக்கான்னு பாருங்க" என்று நீட்டினார். ஏதோ வழக்கு மனு என்று வாங்கினேன். வாசித்தேன்.

"அண்ணா, சின்னவன் ஊட்ட விக்கப் போறேன்னு சொல்லிக்கினு கீறான். நீ கையெயுத்து போட்டாத்தான் செல்லுமாம். போடாதே. நைனா சாவறப்போ இது ஒனக்குத்தாம்மான்னு சொன்னத நீயும் பக்கத்துல நின்னுக்கினு கேட்ட. எனக்கு வேற போக்கு இல்ல. நீ பாத்துக்க."

பின்பக்கத்தில் சொந்த மையில், அச்சடித்ததுபோன்ற எழுத்தில் ஐயா எழுதியிருந்தார். ஒன்று, தேதி இல்லை. இரண்டு, முகவரி முழுமையாக இல்லை. மூன்று, தந்தை சொன்னதாகக் கூறப்படுவதற்கு ஆதாரம் இணைக்கப்படவில்லை. நான்கு, கோரும் பரிகாரம் தெளிவாக இல்லை. "நீ பாத்துக்க" என்பது பரிகாரம் ஆகாது. பத்து நாளில் சரிசெய்து அனுப்பவும். திருப்பப்படுகிறது.

"ஐயா, இது லெட்டர்" என்றேன்.

"தெரியும். அதான் சொந்த மையில எழுதியிருக்கேன்."

அந்த வாரமே தங்கை வந்துவிட்டார், பெரியபாளையம் வழியாக பஸ் மாறி. கூப்பிடுவதற்கு முன்பே டபேதாரைத் தாண்டி என் மேஜைக்கு வந்து நின்றார். நல்ல உயரம். அடுப்பருகில் நின்று நின்று சிவந்த முன்கைகள். கையில் அந்தத் தாள்.

"இன்னா சார் இது? எங்க அண்ணனுக்கு லெட்டர் போட்டா எனுக்கே திரும்பி வந்துக்குது. படிக்கலியா, படிச்சிட்டு வோணாம்னு அனுப்பிட்டாரா?"

"படிச்சுட்டார்மா. இது ரிட்டன்."

"ரிட்டன்னா?"

சொன்னேன். கவனமாகக் கேட்டார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபம் பாதி இருந்தது.

"எங்க கடைல லாரிக்காரனுங்க ரிட்டன் ரிட்டன்னு பேசிக்கினு இருப்பானுங்க. ரிட்டன்ல வர்ற லாரின்னா ஏதாவது லோடு ஏத்திக்கினு வருவான் சார். இது காலியா வந்துக்குதே!"

டபேதார் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

"நாலாவது குறை பாருங்கம்மா. பரிகாரம் தெளிவா இல்லைங்கறார். உங்களுக்கு என்ன வேணும்னு எழுதணும்."

"அதான் எழுதிக்கிறேனே, நீ பாத்துக்கன்னு. பாத்துக்கன்னா பாத்துக்கறதுதான். அண்ணன்காரனுக்கு இதுக்கு மேல இன்னா எழுதறது? நைனா சொன்னதுக்கு ஆதாரம் கேக்கறாரு. நைனா கைய இவுருதான் புடிச்சிக்கினு இருந்தாரு. நா காலாண்ட குந்திக்கினு இருந்தேன். ஆதாரமே இவுருதான் சார்!"

ஐயாவின் அறைக்குப் போய், தங்கை வந்திருக்கிறார் என்றேன். அவர் தலை தூக்கவில்லை.

"தம்பி வந்திருக்கானா?"

"இல்லை ஐயா."

"அப்ப எப்படிப் பார்க்கறது? ஒரு தரப்பை மட்டும் வெச்சுக் கேட்க முடியாது. எழுத்துல கொடுக்கச் சொல்லுங்க."

இதை அப்படியே சொல்லாமல் வெளியே வந்தேன். ஐயா வேலையாக இருக்கிறார் என்று சொன்னேன். அந்த அம்மாளுக்குப் புரிந்துவிட்டது. தூக்குவாளி ஒன்றைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். "வடகறி. அவுருக்குப் புடிக்கும். இதுக்கும் தேதி போடணுமா?" என்றார்.

கோர்ட்டு ஊழியன் கட்சிக்காரருக்கு மனு எழுதித் தரக்கூடாது. அது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் இது வழக்கு அல்ல, அண்ணனுக்குத் தங்கை எழுதும் கடிதம். ஆகவே அந்த விதி இதற்குப் பொருந்தாது என்று எனக்கு நானே உத்தரவு போட்டுக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எழுதினேன். தேதி போட்டேன். கதவு எண்ணிலிருந்து தபாலாபீஸ் வரை முகவரி எழுதினேன். ஆதாரம் என்ற இடத்தில், 'தந்தை சொன்னபோது உடனிருந்த சாட்சி: இக்கடிதத்தைப் பெறுபவர்' என்று எழுதினேன். பரிகாரம்: 'மேற்படி வீட்டின் விற்பனைப் பத்திரத்தில் தாங்கள் கையொப்பமிடாமல் இருக்கவேண்டியது. தங்கை தன் ஆயுள்வரை அங்கே குடியிருக்கச் சம்மதிப்பதாக எழுதித் தரவேண்டியது.' வாசித்துக் காட்டினேன்.

"நா சொன்னதுதான் இது. ஆனா எவனோ வேத்தாளு சொன்ன மாரி கீது" என்றார். கையெழுத்துப் போட்டார். டபேதார் அதை உள்ளே வைத்தார். வடகறியையும் வைத்தார்.

தூக்குவாளி சாயங்காலம் கழுவி வந்தது. அதற்கு மட்டும் எந்தக் குறையும் இல்லை போலிருக்கிறது.

கடிதம் மறுநாள், தபாலில் போகும் முன், சரிபார்க்க என்னிடம் வந்தது. பின்பக்கத்தில் புதிதாக ஒரே வரி: "கடிதத்தை எழுதிய கையும் கையொப்பமிட்ட கையும் வேறு. எழுதியவர் பெயர் குறிப்பிடப்படவில்லை. திருப்பப்படுகிறது."

நான் முப்பத்தைந்து வருஷம் கோர்ட்டில் குப்பை கொட்டியவன். அதிகாரியின் முன் குரல் உயர்த்திய சந்தர்ப்பம் இது ஒன்றுதான். அதற்காக இன்றுவரை வருத்தமில்லை.

"ஐயா, குறைகளை முதல் ரிட்டன்லயே மொத்தமா எடுத்துடணும். தவணை முறையில எடுக்கக் கூடாது. போன மாசம் நீங்களே எங்களுக்கு மெமோ போட்டிருக்கீங்க."

"அது கோர்ட்டுக்கு. இது குடும்ப விஷயம்."

"குடும்ப விஷயம்னா அந்தம்மாவை உள்ளே கூப்பிட்டு உட்காரவெச்சுப் பேசியிருக்கலாமே ஐயா. ஒரு தரப்பை மட்டும் கேட்க முடியாதுன்னீங்க."

"அது நடைமுறை."

"உங்க தம்பியோட கடிதம் வக்கீல் குமாஸ்தா அடிச்சது. அதுல அடிச்சவர் பேர் இருக்கா?"

"டைப் அடிச்சதுக்குக் கையெழுத்து ஏது?" என்றார். கோபமே இல்லை அவரிடம். ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவைத்த திருப்தி இருந்தது. "ஹெட் கிளார்க், அவளுக்குச் சட்டப்படி அந்த வீட்டுல பாத்தியதை கிடையாது. உங்களுக்கும் தெரியும்."

"தெரியும் ஐயா. பாத்தியதை இருந்தா அவங்க ஏன் உங்களுக்கு லெட்டர் போடறாங்க? கோர்ட்டுக்குப் போயிருப்பாங்க. அப்பா சொன்னதை நீங்க கேட்டீங்களா இல்லையா?"

"நானே சாட்சியா இருக்கற விஷயத்துல நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது."

"தீர்ப்பு யார் கேட்டாங்க? கையெழுத்துப் போடாம சும்மா இருங்கன்னுதானே கேட்டாங்க."

அவர் பேனாவின் மூடியைத் திருகித் திறந்தார். அதற்கு எங்கள் ஆபீஸில் ஒரே அர்த்தம். வெளியே வந்துவிட்டேன்.

இத்தனை வருஷமாக இதை நான் மனசில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். குடும்பமாக வந்தபோது தங்கைக்கு நடைமுறையைக் காட்டினார். நடைமுறையோடு வந்தபோது குடும்பத்தைக் காட்டினார். இரண்டு வாசல் உள்ள வீட்டில் தங்கை எந்த வாசலுக்கு வந்தாலும் இவர் இன்னொரு வாசலில் நின்றார். பணத்தாசை பிடித்தவராக இருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. அப்படிப்பட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்காவது உள்ளூர ஒரு குறுகுறுப்பு இருக்கும். இவர் ராத்திரி நன்றாகத் தூங்கினார்.

மூன்றாவது முறை தங்கை எழுதவில்லை. கெடு முடிந்த மறுவாரம் ஐயா தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் "குடும்ப அலுவல்" என்று இருந்தது. பத்திரப் பதிவு ஆபீஸுக்குத் தம்பி காரில் அழைத்துப் போனார். பத்திரத்தில் இருந்த எழுத்துப் பிழைகளை எல்லாம் ஐயா திருத்தி, ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்ததாகக் கேள்விப்பட்டேன். திரும்பி வந்ததும் நான் கேட்காமலே சொன்னார்: "ஆட்சேபணை எதுவும் நிலுவையில் இல்லை."

உண்மைதான். திருப்பிக் கொடுத்த தாள் நிலுவையில் இருக்காது.

டபேதாருக்குச் சொந்த ஊர் கவரைப்பேட்டை. ஊருக்குப் போய்விட்டு வந்தவர் என் மேஜைக்கருகே வந்து நின்றார்.

"சார், அந்தம்மா ஊட்ட இடிச்சிட்டானுங்க."

"எங்கே போனாங்க?"

"எளாவூரு. செக்போஸ்ட்டாண்ட நாலு தடுப்பு கட்டிக்கினு கடை போட்டுக்குது. தோசைக்கல்ல அதுவே தூக்கியாந்து லாரில வெச்சிச்சாம், யாரையும் தொட வுடல. சாமான் செட்டல்லாம் எவனோ ஒரு நெல்லூரு டிரைவரு, காலியா போறேன் ஏறு தாயின்னு ஏத்திக்கினு போய்ட்டான். டப்பு கூட வாங்கலியாம்." தணிந்த குரலில் சொன்னார்: "ரிட்டன் லாரி சார்."

அறைக்கதவு திறந்திருந்தது. ஐயாவுக்குக் கேட்டிருக்கும். அன்று அவர் வேறு எந்த மனுவுக்கும் குறை எடுக்கவில்லை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். வழக்கம்போல எடுத்தார்.

பிறகு அவருக்கு உயர்வு வந்தது, வேறு வேறு ஊர்கள். எழுபதுகளின் கடைசியில் ஓய்வு பெற்று, திருநின்றவூரில் மனை வாங்கி வீடு கட்டினார். எனக்கு ஒரு கடிதம் வந்தது, ஞாயிற்றுக்கிழமை நேரில் வரவும், பொருள்: ஒரு ஆலோசனை. ரயிலேறிப் போனேன். வீட்டில் கல்யாணக் களை. மகனுக்கு நிச்சயமாகியிருந்தது. வராந்தாவில் பந்தக்கால் பேச்சு, உள்ளே முறுக்கு வாசனை. அவர் தன் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். மேஜையில் மைக்கூடு ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

ஒரு கடிதத்தை என்னிடம் நீட்டினார். அவர் எழுதியதுதான். தேதி, கதவு எண், எல்லாம் சரியாக இருந்தன. மேலே தங்கையின் பெயர், காலஞ்சென்ற புருஷனின் பெயர், நாஷ்டா கடை, சோதனைச் சாவடி அருகில், எளாவூர். கீழே: "அம்மணி, இத்துடன் இணைத்துள்ள திருமண அழைப்பிதழைப் பெற்றுக்கொண்டு, அதில் கண்ட நாளில் வருகை தரவும். இணைப்பு: ஒன்று."

"பின்பக்கம் பாருங்க" என்றார்.

பென்சில் எழுத்து. "எயுதனவரு எனக்கு இன்னா வோணும்னு போடல. அதுக்கோசரம் ரிட்டன்."

அழைப்பிதழும் கூடவே திரும்பி வந்திருந்தது.

என் உத்தியோகத்தில் அவ்வளவு சுத்தமான ஓர் எண்டார்ஸ்மெண்டை நான் பார்த்ததில்லை.

"இது சரியான ரிட்டனா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார்.

"சரியானது ஐயா. குறை இருக்கு. அதையும் ஒரே தடவையில எடுத்துட்டாங்க."

அவர் காதில் அது ஏறியதா என்று முகத்தில் தேடினேன். அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெடு போடலையே?"

"போடலை. எப்ப வேணும்னாலும் மறுதாக்கல் பண்ணலாம். அம்மணின்னு இருக்கற இடத்துல அடிச்சுட்டு ஒரு வார்த்தை போட்டா போதும். தங்கச்சிக்குன்னு."

அவர் மனைவி காப்பியோடு உள்ளே வந்தார். நாங்கள் பேசியதைக் கேட்டிருக்கவேண்டும். தம்ளரை டக்கென்று வைத்தார்.

"ஒரு வார்த்தை எழுதினா மை தீர்ந்தா பூடும்? வர்ற வெள்ளிக்கிழமை நாமளே எளாவூருக்குப் போய்ப் பாக்கு வெத்தல வெச்சிட்டு வரலாம். நா வரேன், ஏந்திரிங்க."

"ரிட்டன் ஆனதை நேர்ல கொண்டுபோய்த் திணிக்க முடியாது. முறையாப் போகணும்" என்றார் அவர்.

"நல்லாப் போங்க உங்க மொறையோட" என்று அந்த அம்மாள் போய்விட்டார். ஐயா சொந்தப் பேனாவை எடுத்தார். 'அம்மணி' என்ற சொல்லின் மேல் முனையைக் கொண்டுபோனார். எடுத்தார். கடிதத்தை மடித்து மேஜை இழுப்பறையில் வைத்தார்.

"கெடு இல்லையே. பார்க்கலாம்" என்றார்.

கல்யாணம் நடந்தது. தங்கை வரவில்லை. எளாவூரிலேயே அந்த அம்மாள் காலமானார் என்று பல வருஷம் கழித்து டபேதார் வந்து சொன்னார். ரோட்டில் லாரிகளை நிறுத்திவிட்டு டிரைவர்கள்தான் தூக்கிப் போனார்களாம். பிறகு தம்பி போனார். பிறகு இவரும் போய்ச் சேர்ந்தார். கோர்ட்டில் இரங்கல் கூட்டம் போட்டு, எழுத்து சுத்தமான மனிதர் என்று பேசினார்கள்.

மருமகள் கொண்டுவந்த பெட்டியை நான் முழுவதும் பார்த்துவிட்டேன். தம்பியின் டைப் கடிதங்கள் அத்தனையும் பத்திரமாக இருக்கின்றன. ஊறுகாய்க் கடிதம் இருக்கிறது. தங்கை பென்சிலில் எழுதியது இல்லை, நான் எழுதிக் கொடுத்ததும் இல்லை. எப்படி இருக்கும்? அவர் திருப்பி அனுப்பியவை எதுவும் அவரிடம் தங்காது. புத்தகத்தை வாசிக்கிறவர்களுக்கு அந்தக் குடும்பத்தில் ஓர் அண்ணனும் ஒரு தம்பியும் இருந்தார்கள் என்று தெரியும். அவ்வளவுதான் தெரியும்.

அவருக்கே திரும்பி வந்த அந்த ஒன்று மட்டும் பெட்டியின் அடியில் கிடந்தது. அழைப்பிதழ் அதற்குள்ளேயே மடித்தபடி இருந்தது. 'அம்மணி' அடிபடாமல் அப்படியே இருந்தது. மருமகள் எட்டிப் பார்த்தார்.

"அட, இது எங்க கல்யாணப் பத்திரிகை! மாமா யாருக்கோ அனுப்பியிருக்கார் போல." மேலே இருந்த பெயரையும் ஊரையும் வாசித்தார். "எளாவூர்ல எங்களுக்கு யாரும் இருந்ததாவே தெரியாதே. இந்தம்மா எங்களுக்கு என்ன வேணும் சார்?"

நான் தாளைத் திருப்பிப் பென்சில் வரியைக் காட்டினேன்.

"அதைத்தாம்மா அவங்களும் கேட்டாங்க."